கூட்ஸுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர்

காலையில் விருத்தாசலம் போக இன்னொரு பாசஞ்சர் வண்டி வேண்டும் என்று எங்கள் பயணிகள் சங்கம் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மனுக்களை எழுதியவள் நான். சங்கத் தலைவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேடையில் நன்றாகப் பேசுவார். பேனாவைக் கையில் கொடுத்தால் இருமுவார். "அம்மா எழுதட்டும். அவங்க எழுதினதுல ஒரு கமாவ எடுக்கவும் முடியாது, ஒரு கமாவ வெக்கவும் முடியாது" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளிவிடுவார். நான் சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோப்புகளை அடுக்கிப் பழகிய கை. அன்றன்று நடந்ததை அன்றே எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். மனு எழுதுவது எனக்குப் பாரமாக இருந்ததில்லை.

மாணவர்கள், நோயாளிகள், வியாபாரிகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்று மனுவில் வரிசையாக எழுதுவேன். எழுதும்போது மனதில் இருந்தது ஒரே ஒரு ஆள். என் தங்கை.

எங்கள் அப்பாவின் நிலம் கம்மாபுரம் பக்கம் இருந்தது. அதைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அவருக்கு அங்கே வேலை கொடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். என்னைப் பெர்மனன்ட் வேலையில் இருந்தவருக்குக் கொடுத்தார்கள். ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு மாறினேன், அவ்வளவுதான் என் கல்யாணம். தங்கைக்கு வரன் பார்க்கும்போது அப்பா ஓய்வு பெற்றிருந்தார். அவளை ரயில் பாதைக்குத் தெற்கே ஒரு ஊரில் கொடுத்தோம். மாப்பிள்ளை கான்ட்ராக்டில் லாரி ஓட்டுகிறார். கான்ட்ராக்ட் மாறினால் வேலை நிற்கும், மறுபடி வரும், மறுபடி நிற்கும். அந்த வீட்டில் நிற்காமல் நடந்த ஒரே வேலை தங்கையுடையது. விருத்தாசலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை, காலை டூட்டி. அவள் போய்ச் சேர்ந்தால்தான் இரவெல்லாம் நின்ற ஆள் வீட்டுக்குக் கிளம்ப முடியும். பிந்தி வருகிறவர்களை அங்கே யாரும் திட்டுவதில்லையாம். மேற்பார்வை பார்க்கிற அம்மாள், "நாளையிலேர்ந்து ரெஸ்ட் எடுத்துக்கம்மா" என்பாராம். ரெஸ்ட் என்றால் வேலை போயிற்று என்று அர்த்தம். அப்படிப் போனவர்கள் சிலரைத் தங்கைக்குத் தெரியும்.

அவள் ஊரிலிருந்து மெயின் ரோடு வரை நடந்து, ஒரு பஸ் ஏறி, நடுவில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறிப் போவாள். நிறைந்து வரும் பஸ் அந்த நிறுத்தத்தில் நிற்காது. அவள் ஊரையொட்டியே ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. ஆனால் அவள் டூட்டிக்கு ஏற்ற நேரத்தில் வண்டி இல்லை. ஒரு வண்டி ரொம்ப முன்னால் போய்விடும். அடுத்தது வரும்போது அவள் ஆஸ்பத்திரியில் பாதி வார்டைத் துடைத்து முடித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் ரயில்வேயில் திட்டம் போடுகிற பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். என் வயதுதான் இருக்கும். பேசும்போது குரலை உயர்த்தாதவர். கையோடு ஒரு பெரிய படம் கொண்டு வந்திருந்தார். அதை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் டீ டம்ளர்களை வைத்தார்.

படத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள் இருந்தன. குறுக்கே நேரம். ஒவ்வொரு வண்டியும் சாய்வான ஒரு கோடு. பாசஞ்சர் சிவப்பு, கூட்ஸ் பச்சை. அவ்வளவு சுத்தமான ஒரு காகிதத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நாளில் அந்தப் பாதையில் நடப்பது எல்லாம் ஒரே தாளில் இருந்தது.

"இது ஒத்தப் பாதை. நிலக்கரி போகணும், உரம் போகணும், சிமென்ட் போகணும். கூட்ஸும் கூடணும்ங்கறாங்க, பாசஞ்சரும் கூடணும்ங்கறாங்க. ரெண்டு கோடு எங்க வெட்டிக்குதோ அங்க ஒரு வண்டி ஒதுங்கி நிக்கணும். நிக்கறதுக்கு அங்க இடம் இருக்கணும்" என்றார் அதிகாரி.

"சார், அதெல்லாம் இருக்கட்டும். எங்களுக்கு வண்டி உண்டா, இல்லியா?" என்றார் தலைவர்.

"கூட்ஸுக்கு நிக்க இடம் கிடைச்சா, உங்களுக்கு வண்டி கிடைக்கும்."

"அப்போ கூட்ஸுக்கும் சேத்து நாங்க ஒரு மனு குடுத்துடறோம்!" என்றார் தலைவர். அதிகாரி உட்பட எல்லோரும் சிரித்தோம்.

இடம் என்று அவர் காட்டியது என் தங்கை ஊர் ஸ்டேஷனைத்தான். அங்கே மெயின் லைனுக்குப் பக்கத்தில் ஒரு லூப் லைன் இருந்தது, வண்டி ஒதுங்கி நிற்பதற்கான தண்டவாளம். இப்போது வருகிற நீளமான கூட்ஸ் வண்டிகளுக்கு அது போதவில்லை. அதை நீட்டப் போகிறார்கள். நீட்டிவிட்டால், கூட்ஸை அதில் நிறுத்திவிட்டு, எதிரே காலை பாசஞ்சரை விடலாம். அவர் பென்சிலால் ஒரு சிவப்புக் கோட்டுக்கான இடத்தைத் தொட்டுக் காட்டினார். அது தங்கையின் டூட்டிக்குச் சரியாகப் பொருந்தியது. அத்தனை மனுக்களில் நான் எழுதியது அந்தத் தாளில் ஒரு கோடாக விழப்போகிறது.

அந்தப் படத்தில் ரயில்களுக்கு நீளம் இல்லை. ஒரு வண்டி நிற்கிறது என்றால் கோடு அங்கே மட்டமாகும், அவ்வளவுதான். அந்த வண்டி எவ்வளவு நீளம், அது தரையில் எதன்மேல் போய்ப் படுக்கும் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

லூப்பை நீட்டி முடித்தார்கள். அதற்கு முன்பே மின்கம்பி போட்டு முடித்திருந்தார்கள். புது பாசஞ்சர் வந்த அன்று தலைவர் இஞ்சினுக்கு மாலை போட்டார், லட்டு கொடுத்தார், எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். தங்கை ஆஸ்பத்திரியின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றாள். அவளோடு அவள் ஊர்ப் பெண்கள் சிலரும், அவள் ஓரகத்தியும். ஓரகத்தி விருத்தாசலத்தில் கீரை விற்கிறவள். பேச்சில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"ஏண்டி, உங்க அக்கா ரயிலயே வரவெச்சிட்டாங்களே. அடுத்த தபா எங்க ஊருக்கு ஒரு ஏரோபிளேனுக்கு எழுதச் சொல்லு. கீரய மேலேர்ந்தே போட்டுக்கினு போவேன்" என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பெண்கள் அதை 'அக்கா வண்டி' என்றுதான் சொன்னார்கள். தங்கை போன் செய்யும்போதெல்லாம், "அக்கா வண்டில வந்துக்கினு இருக்கேன்" என்பாள். பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப முடிகிறது என்றாள். பெண்ணுக்கு இரண்டு சடை போட்டுவிட நேரம் இருக்கிறது என்றாள். இவற்றையெல்லாம் நான் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன்.

ஆடி மாதம் அவள் ஊரில் கூழ் ஊற்றினார்கள். நான் போய் ஓர் இரவு தங்கினேன். மறுநாள் காலை அவர்களோடு சேர்ந்து அந்த வண்டியில் ஏறி விருத்தாசலம் வரை போய்ப் பார்க்கலாம் என்று ஆசை. முகம் கழுவி, தலை வாரி, அவர்கள் கூடவே நடந்தேன்.

ஊர் பாதைக்குத் தெற்கே. பிளாட்பாரம் வடக்கே. ஊரிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை தண்டவாளங்களைக் கடந்து பிளாட்பாரத்தின் முனையில் ஏறுகிறது. ஊர்ப் பக்கம் முதலில் குறுக்கிடுவது லூப் லைன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதில் ஒரு கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. இடது பக்கம் பார்த்தேன், வால் தெரியவில்லை. வலது பக்கம் பார்த்தேன், இஞ்சின் தெரியவில்லை. ஊருக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் சுவர் எழுப்பியது போல இருந்தது.

"இப்போ எப்படிப் போறது?" என்றேன்.

பெண்கள் அதற்குள் சேலையை இடுப்பில் செருகத் தொடங்கியிருந்தார்கள்.

"இன்னாக்கா, உங்க வண்டியில ஏற உங்களுக்கே வழி தெரியலியா?" என்றாள் ஓரகத்தி. "குனிஞ்சி வாங்க. தலய தூக்காதீங்க. இரும்ப தொடாதீங்க, சேலயெல்லாம் கிரீஸாயிடும்."

தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெனமும் இல்லக்கா. ஒரு நாள் நிக்கும், ஒரு நாள் நிக்காது" என்றாள்.

"ரயில்வே கேட் பக்கமா சுத்தி வரலாம் இல்ல?"

"சுத்திக்கினு வந்தா வண்டி போயிடும்."

"கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினா?"

"முன்னால கெளம்பினா குழாய்ல தண்ணி யாரு புடிப்பா? இது நிக்குதா நிக்கலியான்னு இங்க வந்தாதான தெரியும்? நிக்காத நாளுக்கும் சேத்து நான் எழுந்து ஓடி வரணுமா?"

"திடீர்னு அசைஞ்சா என்னடி பண்ணுவ?"

இதற்கு ஓரகத்தி பதில் சொன்னாள். சிறுபிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"அசையாதுங்க. இது எதுக்கு நிக்குது? நம்ம பாசஞ்சருக்கு வழி வுட்டுத்தான நிக்குது? ஒத்த ரோடு. எதிர்ல பாசஞ்சர் வந்து சேராம இது எங்க போவும்? பாசஞ்சர் வர்றதுக்கு முன்னாடி பூந்து வந்துட்டா ஒண்ணும் ஆவாது. நாங்க பொறந்ததுலேர்ந்து ரயில பாத்துக்கினுகீறோம். ரயிலுக்கே ரூலு சொல்லுவோம்."

அவள் சொன்னது சரி. அதிகாரியின் படத்தில் நானே பார்த்திருந்தேன்: சிவப்புக் கோடு வந்து வெட்டும்வரை பச்சைக் கோடு அந்த இடத்தைவிட்டு நகராது. ரயில் பக்கமே வராத ஊர்க்காரர்கள் யாரும் நின்ற வண்டிக்கு அடியில் நுழையத் துணிய மாட்டார்கள். இவர்கள் துணிந்ததற்குக் காரணம் அறியாமை இல்லை. ரயில் ஓடுகிற விதம் இவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓரகத்தி கீரைக் கூடையை முன்னால் தள்ளிவிட்டுத் தவழ்ந்து அந்தப் பக்கம் போனாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். அப்புறம் தங்கை பையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து அவளுடைய வெளுத்த குதிகால் தெரிந்தது.

சத்தம் எதுவும் பெரிதாக வரவில்லை. ஒரு மூச்சு விட்டது போலக் காற்று பிரிந்தது. பிறகு என் கண் முன்னால் இருந்த சக்கரம் உருண்டது.

"படுடீ! தலய கவுத்துப் படு!" அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி கத்தினாள்.

நான் கத்தினேனா என்று எனக்கு நினைவில்லை. வேகன்கள் நகர்ந்தன. நடை வேகம்கூட இல்லை. ஒவ்வொரு சக்கரமாக அவள் படுத்திருந்த இடத்தின் இரண்டு பக்கமும் உருண்டு போனது. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் நீலச் சேலை தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. பிறகு வண்டி நின்றது. குனிந்து பார்த்தேன். அந்தச் சேலை அங்கே இல்லை. அந்தப் பக்கம் யாருடைய கால்களோ ஓடின.

கூட்ஸுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் பாசஞ்சர் வந்து நின்ற சத்தமும், பிறகு கிளம்பிய சத்தமும் கேட்டன. அதற்கப்புறம்தான் கூட்ஸ் கிளம்பியது. கடைசி வேகன் கடந்தபோது எதிரே பிளாட்பாரம் காலியாக இருந்தது. தண்டவாளத்தின் நடுவில் அவளுடைய ஒரு செருப்பு கிடந்தது. அவள் அந்த வண்டியிலேயே ஏறி வேலைக்குப் போய்விட்டாள்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குப் போனேன். இளைஞர், வெளி மாவட்டத்துக்காரர். செருப்பை மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

"அடியில ஆள் இருந்தாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "மேடம், வண்டி முழுசா லூப்புக்குள்ள வரல. வால் கொஞ்சம் வெளியில நின்னுச்சு. மெயின் லைன் கிளியர் ஆகணும்னா வண்டியக் கொஞ்சம் முன்னால இழுக்கணும். இழுக்கச் சொன்னேன். இப்போ வர்ற வண்டிங்க அவ்ளோ நீளம். முன்னெல்லாம் டீசல் இஞ்சின். அது கெளம்பறதுக்கு முன்னாடி உறுமும், ஊருக்கே கேக்கும். இது கரண்ட்ல ஓடறது." செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் தெனமும் மைக்ல சொல்றேன் மேடம், கீழ பூராதீங்கன்னு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை.

மதியம் தங்கை போன் எடுத்தாள். "நல்லாத்தான் இருக்கேன். முழங்கையில செராய்ப்பு. இங்கயே கட்டு போட்டுட்டாங்க. வை, டாக்டர் ரவுண்ட்ஸ் வராங்க" என்றாள்.

சாயங்காலம் அவள் வீட்டில் காத்திருந்தேன். வந்தவள் பையை மாட்டிவிட்டு நேரே அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் சங்கத்தில் சொல்லி எழுதப் போகிறேன் என்றதும் திரும்பினாள்.

"இன்னான்னு எழுதுவ?"

"அங்க ஒரு நடைபாலம் வேணும்னு. இன்னிக்கு நடந்தத எழுதித்தான் கேக்கணும்."

"பாலத்த மட்டும் கேளு. இன்னிக்கு நடந்தத எழுதாத."

"அத எழுதலன்னா பாலம் எதுக்குன்னு கேப்பாங்க."

"எழுதினா வண்டி எதுக்குன்னு கேப்பாங்க." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "யக்கா, நீ பெர்மனன்ட் வூட்டுக்காரி. உனக்கு எழுதினா வேல முடிஞ்சிடும். எனக்கு அந்த வண்டி இருந்தா வேல இருக்கும், இல்லன்னா இல்ல. இனிமே இஞ்சின் பக்கம் ஒருத்திய நிறுத்தி வெச்சிட்டுத்தான் பூருவோம். நான் பாத்துக்கறேன். என் சோத்துல கைய வெக்காத."

"நீ செத்துப் போயிருப்படி."

"சாவலியே."

பிள்ளைகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிறுத்திக்கொண்டோம்.

தலைவரும் அவள் சொன்னதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னார். "அம்மா, நான் சுரங்கத்துல பாத்தவன். ஒரு எடத்துல ஆபத்துன்னு எழுத்துல குடுத்தா, ஆபத்த எடுக்க மாட்டாங்க, மொதல்ல வேலய நிறுத்துவாங்க. அதான் மொற. தப்புன்னு சொல்ல முடியாது. வண்டி வந்து இன்னும் மாலையோட பூவே காயல. பாலம்னு மட்டும் எழுதுங்க."

நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். பாலம் மட்டும் கேட்ட மனுவைப் படித்தபோது, அது எந்த ஊரிலிருந்தும் வரக்கூடிய மனுவாக இருந்தது. பொதுமக்கள் நலன் கருதி, ஆவன செய்யும்படி. நான் எழுதாமல் விட்டால், அடுத்த முறை வண்டியை இழுக்கும்போது அடியில் இருப்பது யார் என்று தெரியாது. ஓரகத்தியாக இருக்கலாம். தங்கையாகவே இருக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதினேன். கூட்ஸ் எங்கே நின்றது, பாதை எங்கே இருக்கிறது, வண்டி ஏன் நகர்ந்தது, பெண்கள் ஏன் அது நகராது என்று நம்பினார்கள், எல்லாம். தங்கையின் பெயரை மட்டும் எழுதவில்லை. தலைவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். அந்த மனு அவர் முன்னால் இருந்தது; இரண்டு மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"பாலத்துக்கு நான் சிபாரிசு பண்ணிட்டேன். ஆனா அது வர நாளாகும். நாளாகும்னா..." என்று கையை விரித்தார். "அதுவரைக்கும் ரெண்டே வழி. ஒண்ணு, போலீஸ் போட்டு, கடக்கறவங்களுக்கு அபராதம். இன்னொண்ணு, ரெண்டு வண்டியும் ஒண்ண ஒண்ணு தாண்டிக்கற அந்தக் க்ராசிங்கையே அங்கேர்ந்து எடுத்துடறது."

"எடுத்தா?" என்றேன்.

"பாசஞ்சர் அதுக்கு முந்தின ஸ்டேஷன்ல நிக்கும். கூட்ஸ் எங்கயும் நிக்காம போயிடும். அதுக்கப்புறம் பாசஞ்சர் வரும். காலையில உங்க லூப்புல எந்த வண்டியும் நிக்காது."

"அப்போ பாசஞ்சர் எப்ப வரும்?"

அவர் படத்தை விரித்துக் காட்டினார். சிவப்புக் கோடு ஒரு ஸ்டேஷனில் படிபோல மட்டமாகி, பிறகு சாய்ந்து போயிற்று. தங்கையின் டூட்டி தொடங்கி வெகுநேரம் கழித்து அது விருத்தாசலம் போய்ச் சேர்ந்தது.

"சார், அந்த வண்டியே அந்தப் பொம்பளைங்களுக்காகக் கேட்டது. கூட்ஸ அந்த ஸ்டேஷன்ல நிறுத்திட்டு பாசஞ்சர விட முடியாதா?"

"அங்க லூப் சின்னது. பெரிய கூட்ஸ் நிக்காது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், நீங்க எழுதினத நான் நாலு தடவ படிச்சேன். ஒரு அம்மா படுத்திருக்காங்க, மேல வண்டி போவுது. இத படிச்சதுக்கப்புறமும் நான் அந்தக் கோட்ட அங்க வெச்சிருந்து, நாளைக்கு ஏதாவது ஆச்சின்னா? எனக்கு மனசு வரல. நீங்க என் எடத்துல இருந்தா வெச்சிருப்பீங்களா?"

நாங்கள் எழுந்து வெளியே வந்தோம். தலைவர் என்னைப் பார்த்து 'நான் சொன்னேன் இல்ல' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேன்டீனில் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வண்டி நேரம் மாறியது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது வசதியாகிவிட்டது. உட்கார இடம் இருக்கிறது என்றார்கள். டவுன்ஷிப்பிலிருந்து விருத்தாசலம் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் நல்ல நேரம். சங்கத்துக்கு நன்றிகூடச் சொன்னார்கள். கூட்ஸ் வண்டிகள் காலையில் அந்த ஊரைத் தடையில்லாமல் கடந்துபோயின. ஓரகத்தி கீரையைப் பஸ்ஸில் ஏற்ற முடியாமல் உள்ளூரிலேயே விற்கத் தொடங்கினாள். மற்ற நேரங்களில் லூப்பில் வண்டி நின்றால் மளிகைக்கும் ரேஷனுக்கும் போகிறவர்கள் இன்னும் அடியில்தான் புகுகிறார்கள். அதை நான் மறுபடி எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

தங்கை பழையபடி இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தாள். இடையில் பஸ் குறைந்திருந்தது. இரண்டு தடவை பிந்தினாள். மேற்பார்வை அம்மாள் அவளை ரெஸ்ட் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளை சொன்னார். நான் ஊருக்குப் போனபோது அவள் வெளியே வந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"உசுரு இருக்குதுக்கா" என்றாள். "நீதான் காப்பாத்தின. அத வெச்சிக்கினு இப்ப இன்னா பண்றதுன்னு யோசிச்சிக்கினு இருக்கேன்."

நான் விருத்தாசலம் போய் அந்த ஆஸ்பத்திரி அம்மாளைப் பார்த்தேன். மதிய டூட்டி ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். மதிய டூட்டி முடிந்தால் அவளுக்குத் திரும்பிப் போக வண்டி இல்லையே என்று அவரே சொன்னார்.

இப்போது தங்கை டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் தெருப் பெருக்குகிறாள். ஊரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வேனில் வருகிறாள். தண்டவாளம் எதையும் கடக்க வேண்டியதில்லை. எந்த பிளாக்கில் வேலை என்பதைக் கான்ட்ராக்டர்கள்தான் முடிவு செய்கிறார்கள். போன வாரம் எங்கள் பிளாக்கில் போட்டிருந்தார்கள். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தெருமுனையில் அவளைப் பார்த்தேன். மஞ்சள் கோட்டு போட்டு, முக்காடு கட்டி, கொன்றைப் பூக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட இன்னொரு பெண்.

உள்ளே வா என்று கூப்பிட்டால் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு டம்ளரில் டீ போட்டு வெளியே எடுத்துப் போனேன். தங்கை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கோட்டில் துடைத்து வாங்கிக்கொண்டாள். மற்றப் பெண் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆருடி? தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்கா" என்றாள் தங்கை.

"கூடப் பொறந்தவங்களா?" அந்தப் பெண் என் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு முகம் மாறியது. "ஓ, ரயிலுக்கு லெட்டர் போட்டு வண்டிய நிறுத்தினாங்களே, அவங்களா?"

"நிறுத்தல" என்றாள் தங்கை. டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "நேரம் மாறிச்சு. அவ்ளோதான்."

டம்ளரைக் கழுவித்தான் தருவேன் என்று பிடிவாதமாகத் தெருக்குழாய்க்கு எடுத்துப் போனாள். நான் வாசலில் நின்றேன்.